அறுபத்து மூன்று லட்சம் கிரவுனைக் கொளுத்தியது குறித்து

என் பெயர் முத்துமாரியம்மாள். வயது அறுபத்தொன்பது. காலஞ்சென்ற கருப்பணன் அவர்களின் மனைவி. சிவகாசி நடுத்தெரு, கதவு எண் 14-இல் குடியிருக்கிறேன். மதுரையில் கான்வென்ட் விடுதியில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தேன். அங்கே சிஸ்டர்மார் என் பெயரைச் சுருக்கி மேரி என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயருக்கு நான் திரும்பிப் பார்க்காததால் இரண்டாம் வருடத்திலிருந்து முழுப் பெயரைச் சொன்னார்கள். இந்த வாக்குமூலத்திலும் முழுப் பெயரையே எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

முதலில் ஒரு திருத்தம். நாற்பது லட்சம் ரூபாய்ப் பட்டாசை நான் ஒரே காலையில் கொளுத்திவிட்டேன் என்று பஸ் ஸ்டாண்டு வரை பேசுகிறார்கள். இது தவறு. கொளுத்தியது அறுபத்து மூன்று லட்சம். அது ரூபாய் அல்ல, கிரவுன். நாற்பது லட்சம் என்பது என் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டவர் காதில் விழுந்த தொகை. அது வேலை பாதியில் இருந்தபோது சொன்ன கணக்கு.

வெம்பக்கோட்டை போகும் வழியில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பட்டாசு ஆலை உள்ளது. என் கணவர் சர்க்கரை நோயால் இறந்த பிறகு அதில் பாதி எனக்கும், பாதி என் கொழுந்தன் மகன் ஜெயபாண்டிக்கும் வந்தது. ஆலைக்கு வெடிமருந்து வாங்க இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். ஒவ்வொரு அறைச் சுவரிலும் எத்தனை பேர் உட்காரலாம் என்று பெயிண்டில் எழுதியிருக்கும். எங்கள் அறைகளில் நான்கு பேர். அதற்கு மேல் ஆட்களை வைத்தால் ஆகும் மருந்துக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை. புதன்கிழமைதோறும் ஆலைக்குப் போய்ப் பார்ப்பேன். ஆட்களை எண்ண மாட்டேன். ஆட்களைப் பின்பக்கமாகப் போகச் சொல்லிவிடலாம். அறைக்குள் செருப்புப் போடக் கூடாது என்பதால் வாசலில் கழற்றிவிட்டுத்தான் போவார்கள். நான் செருப்பை எண்ணுவேன். சென்ற ஆண்டிலிருந்து ஜெயபாண்டி புதன்கிழமைகளில் மட்டும் செருப்பைச் சாக்கில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். நேரில் பார்க்காததால் அதை உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அதன் பிறகு கம்ப்யூட்டர் வந்த விதம். என் மகள் அருணாதேவி ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் இருக்கிறாள். போன மார்ச்சில் ஊருக்கு வந்தவள் ஒரு கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் வைத்துக் கொடுத்து, தான் ஆடும் ஒரு விளையாட்டில் என்னையும் சேர்த்துவிட்டாள். அதற்கு ‘செவன் ஹார்பர்ஸ்’ என்று பெயர். பல நாட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் அதற்குள் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பொம்மை ஆள் உண்டு. துறைமுகம், சந்தை, படகு எல்லாம் உண்டு. தினமும் காலையில் துறைமுகப் படிக்கட்டில் வந்து உட்காருங்கள், அங்கேயே பேசிக்கொள்ளலாம் என்று மகள் சொன்னாள். சும்மா உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. அதனால் அங்கே ஒரு ரொட்டிக் கடை வைத்தேன்.

அங்குள்ள பணம்தான் கிரவுன். ஒரு ரொட்டி நான்கு கிரவுன். புதிதாக வருகிறவருக்கு, விளையாட்டை நடத்தும் கம்பெனி ஐம்பது கிரவுன் கொடுத்து இறக்கிவிடும். ரொட்டி சாப்பிடாவிட்டால் அந்தப் பொம்மை ஆளால் நடக்க முடியாது.

ஜூன் மாதத்தில் அந்த விளையாட்டில் ஒரு கோளாறு ஏற்பட்டது. பணப்பெட்டியைப் படகில் ஏற்றுகிற அதே நொடியில் இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டுத் திரும்ப மாட்டினால், கரையில் ஒரு பெட்டியும் படகில் ஒரு பெட்டியும் இருக்கும். இது தெரிந்ததும் எல்லாரும் வயரைப் பிடுங்கினார்கள். நான் பிடுங்கவில்லை. ஆனால் எங்கள் தெருவில் கரண்ட் போனபோது ஒருமுறை எனக்கும் தானாக இரண்டு பெட்டி ஆனது. கூடுதல் பெட்டியைக் கடலில் போட்டுவிட்டேன். அதற்கு மகள் சாட்சி.

கம்பெனிக்காரர்கள் கோளாறைச் சரிசெய்தார்கள். ஆனால் ஏற்கெனவே பெருகிய பணத்தை யாரிடமிருந்தும் திரும்ப வாங்கவில்லை. அதன் பிறகு எல்லார் கையிலும் பணம் இருந்தது, சரக்கு மட்டும் முன்பிருந்த அளவே இருந்தது. ரொட்டி நாற்பதாகி நானூறானது. நான் மட்டும் நான்கிலேயே விற்றேன். என் ரொட்டி முழுவதையும் ஒருவரே வாங்கி, என் கடைக்கு எதிரிலேயே நானூறுக்கு விற்றார். கையில் ஐம்பது கிரவுனோடு வந்த புதியவர்கள் நடக்க முடியாமல் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் மகளுக்கும் உட்கார இடமில்லை.

இது பற்றிக் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

அதன் பிறகு யோசித்தேன். ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கும் பணம் கைமாறுமே தவிரக் குறையாது. கம்பெனியே நடத்தும் கடையில் கொடுக்கும் பணம் மட்டும்தான் அந்த உலகத்தை விட்டே போகும். அப்படிப்பட்ட கடை ஒன்று கலங்கரை விளக்கத்துக்குக் கீழே இருந்தது. அதில் ராக்கெட் விற்றார்கள். ஒன்று ஐநூறு கிரவுன். கொளுத்தினால் மேலே போய் வெடிக்கும், பிறகு ஒன்றுமிருக்காது. பணத்தை வாங்கிக்கொண்டு, ஜனங்களை வெறும் கையோடும் சந்தோஷத்தோடும் வீட்டுக்கு அனுப்பும் சரக்கு அது ஒன்றுதான். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக அதைத்தான் விற்கிறது. ஆகவே அந்த ஊரில் உள்ள கூடுதல் பணத்தைக் கொளுத்திவிடுவது என்று முடிவு செய்தேன்.

சும்மா கேட்டால் யாரும் கொளுத்த மாட்டார்கள். என் கணவர் கோயில் பொங்கலுக்கு வாணவேடிக்கை ஆர்டர் பிடிக்கப் போனால், கீழத்தெருக்காரர்களிடம் மேலத்தெருவின் ஆர்டர் எவ்வளவு என்று மட்டும் சொல்வார். பிறகு மேலத்தெருவுக்குப் போய்க் கீழத்தெரு ஆர்டரைச் சொல்வார். வேறு எதுவும் சொல்ல மாட்டார். அந்தத் துறைமுகத்தில் போலந்துக்காரர்கள் ஒரு கூட்டம், பிரேசில்காரர்கள் ஒரு கூட்டம். இரண்டுக்கும் ஆகாது. அதிகப் பணமும் அவர்களிடம்தான் இருந்தது. நான் இருவருக்கும் எழுதினேன். பொய் எதுவும் எழுதவில்லை. எதிர்க்கூட்டம் எத்தனை ராக்கெட் வாங்கியிருக்கிறது என்பதை உள்ளது உள்ளபடி தெரிவித்தேன். நான் முற்றுப்புள்ளி வைத்து எழுதுவதால் கம்பெனி ஆள் என்றே என்னைப் பலர் நினைத்தார்கள். அது அவர்களாக நினைத்தது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, அக்டோபர் ஏழாம் தேதி காலையில் கொளுத்துவது என்று ஏற்பாடு. காதில் மாட்டும் மைக்கில் மகளோடு பேசிக்கொண்டிருந்தேன். மெல்போர்ன் வெகு தூரம் என்பதால் நான் சற்று உரக்கப் பேசுவேன். அந்த நேரத்தில் ஜெயபாண்டி என் வீட்டுக்கு வந்திருக்கிறான். இனிமேல் மருந்துக்கு அவன் ஒருவனே கையெழுத்துப் போடலாம் என்று நான் எழுதிக் கொடுப்பதுபோல ஒரு தாளைத் தயாரித்துக் கொண்டுவந்திருக்கிறான். அது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்றவன் காதில் நான் மகளிடம் சொன்னது விழுந்திருக்கிறது. நான் சொன்னது இது:

“நாப்பது லட்சம் போயிருச்சு, போகட்டும். ஒண்ணு விடாமக் கொளுத்தச் சொல்லு. ஒரு பெட்டிகூட ஸ்டாக்குல இருக்கப்பிடாது.”

சீசன் நேரத்தில், பங்குதாரர் வீட்டு ஜன்னலில் இதைக் கேட்ட எந்தப் பட்டாசுக்காரனும் என்ன நினைப்பானோ அதையே அவனும் நினைத்தான். அதில் அவனைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல், கொண்டுவந்த தாளைச் செம்பருத்திச் செடிமேல் போட்டுவிட்டு ஓடினான்.

அதன் பிறகு நடந்தவற்றை ஆலையின் போர்மேன் சோணைமுத்து சொல்லக் கேட்டேன். பெரியம்மா ஆள் வைத்துக் குடோனுக்குத் தீ வைக்கப் போகிறார் என்று ஜெயபாண்டி செல்போனில் கத்தியிருக்கிறான். சோணைமுத்து மணியை அடித்து எல்லாரையும் வெளியேற்றினான். அவரவர் இருந்த கோலத்தில் ஓடிப்போய்க் கண்மாய்க் கரையில் நின்றார்கள். ஆலை தீப்பிடித்துவிட்டது என்று கேள்விப்பட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்து சொந்தக்காரர்கள் அழுதுகொண்டு வந்தார்கள். ஐஸ்காரர் வந்தார். தீயணைப்பு வண்டி வந்தது. தீ எங்கே என்று அவர்கள் கேட்டதற்கு, இனிமேல்தான் வரும் என்று ஜெயபாண்டி சொல்லியிருக்கிறான். வந்தவர்களைச் சும்மா அனுப்பாமல், முன்னெச்சரிக்கையாகச் சங்குச் சக்கரம் அடுக்கியிருந்த அறைக்குள் தண்ணீர் அடிக்கச் சொன்னதும் அவன்தான். ஆகவே அன்று எங்கள் ஆலையில் நெருப்பால் ஒரு பைசா நஷ்டமில்லை. நஷ்டம் முழுவதும் தண்ணீரால் வந்தது.

ஆட்களில் ஒருவரும் திரும்ப உள்ளே போகத் துணியவில்லை. அப்படியே ஆலை வண்டியில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். தீயணைப்புக்காரர்கள் கேட்டைப் பூட்டிச் சாவியைக் காவல் நிலையத்தில் கொடுத்தார்கள்.

அன்று மதியம் காவலர் ஊர்க்காவலன் என் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைக் கைப்பற்றினார். அவர் எடுத்துப் போனது திரையை மட்டும். கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் இருக்கிறது என்று அப்போதே சொன்னேன். அதுவும் இருக்கட்டும் என்றார். அது இன்னும் அங்கேயே இருக்கிறது.

திங்கட்கிழமை காலை விசாரணைக்கு அழைக்கப்பட்டேன். எனக்குப் புத்தி சரியில்லை என்றும், என் கையெழுத்தை ரத்துசெய்து தன் கையெழுத்து மட்டும் போதும் என்று ஆக்கித் தர வேண்டும் என்றும் ஜெயபாண்டி எழுதிக் கொடுத்திருந்தான். சூலக்கரையில் கலெக்டர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் போட்டிருந்தான். ஆய்வாளர் வெள்ளைத்துரை அவர்கள் முன்னிலையில் மேற்படி விளையாட்டைப் பற்றி முழுவதும் சொன்னேன். ஆய்வாளர் பொறுமையாகக் கேட்டார். ஜெயபாண்டிக்குத்தான் பொறுக்கவில்லை.

“பாத்தீகளா ஐயா? இல்லாத ஊருல, இல்லாத காசக் குடுத்து, இல்லாத வெடிய வாங்கிக் கொளுத்துறாக. இவுக கையெழுத்த நம்பி நான் எப்படித் தொழில் பண்ண?”

நான் அதற்குச் சொன்ன பதிலை எழுத வேண்டாம் என்று ஆய்வாளர் நினைத்தார். எழுதும்படி நான் கேட்டுக்கொண்டேன். “ஏலே ஜெயபாண்டி, நீ மட்டும் என்ன பண்ணுத? இன்னும் செய்யாத வெடிக்கு இன்னும் தேதி வராத செக்க வாங்கிப் பெட்டியில வச்சிருக்க. நான் வாங்குனதக் கொளுத்தி முடிச்சிட்டேன். நீ வித்தத எங்கன வச்சு, யார வச்சுச் செய்யப்போற?”

ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். ஆர்டர் எம்புட்டு என்று ஜெயபாண்டியைக் கேட்டார். அவன் மின்விசிறியைப் பார்த்தான். அறைக்கு எத்தனை ஆள் என்று கேட்டார். நாலு பேர்தான் ஐயா, சுவரில் எழுதியிருக்கிறதே என்றான். அப்படியானால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். ஆள் ஒருவரும் இல்லாத ஆலையில் எதைப் பார்ப்பீர்கள் என்று ஜெயபாண்டி சிரித்தான். அவன் அன்று சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அதன் பிறகு ஆய்வாளர், ஜெயபாண்டி, நான் மூவரும் போலீஸ் ஜீப்பில் ஆலைக்குச் சென்றோம். ஆய்வாளரே கேட்டைத் திறந்தார். முந்தைய நாள் ஓடியவர்கள் செருப்பை எடுக்கவில்லை. ஒவ்வொரு அறை வாசலிலும் அவை கழற்றிவிட்டபடியே கிடந்தன. நான் கேட்டுக்கு அருகிலேயே நின்றுகொண்டேன். நான் எண்ணினால் புத்தி சரியில்லாதவள் எண்ணியது என்று ஆகும். ஆய்வாளர் தாமே வாய்விட்டு எண்ணிக்கொண்டு போனார். முதல் அறையில் நான்கு ஜோடி. அடுத்த அறையில் ஏழு. அதற்கடுத்ததில் ஒன்பது. அதற்குப் பிறகு அவர் வாய்விட்டு எண்ணவில்லை. ஒன்பது கிடந்த இடத்தில் ஒரு ஜோடிக்கு அறுந்த வாரில் ஊக்கு குத்தியிருந்தது. அது அந்த அறையில் வேலை செய்யும் அய்யம்மாளுடையது. வண்டி இறக்கிவிடும் இடத்திலிருந்து அவளுடைய ஊருக்கு முள்காட்டு வழியாகத்தான் நடந்து போக வேண்டும். ஊக்கோடு அந்தச் செருப்பை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். சாட்சிப் பொருளை எடுக்கக் கூடாது என்று ஆய்வாளர் சொன்னார். மற்ற எட்டு ஜோடியே போதுமான சாட்சி என்று நான் சொன்னேன். அவர் அடுத்த அறைக்குப் போனார்.

ஜெயபாண்டி ஜீப்பில் திரும்பும்போது, “பெரியம்மா, அந்தத் தாளு எங்க?” என்று கேட்டான். செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றியபோது நனைந்துவிட்டது என்று சொன்னேன். அது உண்மை.

அவனைக் கைதுசெய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை. அதிகப்படியாக வாங்கிய ஆர்டரையும் செக்கையும் அவன் திருப்பிக் கொடுத்தால் போதும். நான்கு பேருக்கான மருந்து என்றால் இன்றைக்கும் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறேன்.

இந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்து முடித்த பிறகு, ரொட்டி விலை இறங்கியதா என்று ஆய்வாளர் கேட்டார். அதையும் பதிவு செய்யும்படி கேட்டுக்கொண்டேன். ஞாயிறு மதியம் திரையை எடுத்துப் போவதற்கு முன் நான் பார்த்தபோது அறுபதுக்கு இறங்கியிருந்தது. நான்கு அல்ல. பொங்கலுக்கு இன்னொரு முறை கொளுத்த வேண்டியிருக்கும். குறைவாகக் கொளுத்தித் தோற்றுப்போன போலந்துக்காரர்கள் அன்றே தேதி கேட்டுவிட்டார்கள்.

மேலே உள்ளவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டவை. எழுதியதைக் கண்ணாடி போட்டு நானே வாசித்து, மூன்று இடங்களில் திருத்தி, திருத்திய இடங்களில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். இதில் பொய் இல்லை. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நான்தான் ஆய்வாளரைச் சில இடங்களில் வற்புறுத்தினேன்.

என் கேள்விகள் மூன்று. விசாரணையில் எனக்குப் புத்தி சரியாக இருப்பதாகத் தெரியவந்ததா, இல்லையா? மருந்துக்கு என் கையெழுத்து செல்லுமா? திரை எப்போது திரும்பக் கிடைக்கும்? முன்பு ஒரு கம்பெனிக்கு மூன்று கடிதம் எழுதிப் பதில் வராமல், வேலையை நானே செய்ய வேண்டியதாயிற்று. ஆகவே இந்த மூன்றுக்கும் எழுத்து மூலம் பதில் தந்து, அதன் நகலைச் சூலக்கரைக்கும் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) க. முத்துமாரியம்மாள்
9.10.2007