நூல் கட்டிய மாத்திரை

சேலா: அசையாதீங்கண்ணே. மாத்திரை உள்ள போயிடுச்சு. நூல் முனை வெளியவே இருக்கட்டும்... ஏழு நிமிஷம்.

டெஸ்: தூண்டில்ல மாட்டின மீனாட்டம் இருக்கு.

நோலீன்: நாப்பது வருஷமா நீ மீனுக்குப் பண்ணினதுதானே.

சேலா: மாத்திரை கரைஞ்சதும் உள்ள இருக்கிற பஞ்சு விரியும். நூலை இழுத்தா உணவுக்குழாயைத் தடவிக்கிட்டே மேல வரும். இந்த ஆஸ்பத்திரி வண்டியில இருக்கிற மெஷின் பத்தே நிமிஷத்துல அதைச் சோதிச்சுச் சொல்லிடும்.

டெஸ்: எங்கப்பா ரெண்டாயிரத்து இருபத்துநாலுல போனாரு... அதே குழாயில புத்துநோய். கண்டுபிடிச்சப்ப சூப்புகூட இறங்கலை.

சேலா: உங்களுக்கு இறைச்சி கிறைச்சி முழுங்கறப்ப சிக்குதா?

டெஸ்: எனக்கா? ஞாயித்துக்கிழமை இவ சுடுற ஆட்டுத்தொடை... ஒரு துண்டு மிச்சம் வைக்க மாட்டேன். கேட்டுப் பாரு.

நோலீன்: தட்டு கழுவி வெச்ச மாதிரி இருக்கும்.

டெஸ்: ஒரே குறை... ஒரு வருஷமா வெங்காயமே போடறதில்ல.

நோலீன்: மறந்துடறேன்.

டெஸ்: அதெப்படி வாராவாரம்... அடடா.

சேலா: என்னண்ணே பண்ணீங்க?

டெஸ்: நூல் லேசா இழுபட்டுது. மீன் கடிச்சாப்ல கை தானா சுண்டிடுச்சு.

சேலா: மூணு நிமிஷந்தான் ஆச்சு. பஞ்சு விரியவே இல்ல. காலையிலருந்து இந்தப் படகுத்துறையில இப்படிச் சுண்டின நாலாவது ஆளு நீங்க. இந்தாங்க, இன்னொண்ணு. தண்ணி குடிங்க... அக்கா, கையைப் பிடிச்சுக்கோங்க.

நோலீன்: கல்யாணத்தன்னைக்குப் பிடிச்ச கை.

டெஸ்: அன்னைக்கும் இப்படித்தான் நசுக்கினா.

சேலா: பேசாம இருங்க... ஆங், ஏழு நிமிஷம் ஆச்சு. வருது, வருது... வந்துடுச்சு. இனி மெஷின் பாடு.

டெஸ்: பத்து நிமிஷம்னு சொன்னே. பன்னெண்டு ஆச்சு... புத்தா?

சேலா: இல்லண்ணே. அடிலெய்டு டாக்டரும் அங்கருந்தே திரையில பார்த்துட்டாங்க. ஒவ்வாமையில குழாய் வீங்கிச் சுருங்கியிருக்கு. நாக்குல கரையுற வில்லை மூணு மாசம், பால் கூடாது. சரியாயிடும்.

நோலீன்: அப்பாடா.

சேலா: ஆனா ஒண்ணு இடிக்குது. மாத்திரை வழுக்கிக்கிட்டுப் போயிடும். இறைச்சி இந்தக் குழாயில ஒரு வருஷமா இறங்கியிருக்கவே முடியாது.

டெஸ்: அது வந்து...

நோலீன்: சொல்லு.

டெஸ்: மேசைக்கு அடியில நம்ம நாய் ரஸ்டி இருப்பான்ல... அவனுக்குப் போட்டேன். சிக்குதுன்னு சொன்னா அப்பா ஞாபகம் வந்து நீ பயந்துடுவே. ஏமாத்திட்டேன், நோலீன்.

நோலீன்: நாய்க்கு வெங்காயம் ஆகாது, டெஸ். வேற எதுக்கு நான் அதை நிறுத்தினேன்?