ஐஸ்பெட்டியில ஒட்டின ரெண்டு வரம்

இதுவும் வேணாம் பாய், இதுலயும் வரம் வருது! பாருங்க, பத்தாம் பக்கமே ஆரம்பிச்சிட்டான். ஒரு அசுரன், எவன் தலையில கை வச்சாலும் சாம்பலாவணும்னு வரம் வாங்கிட்டு, குடுத்த சாமியவே தொரத்துறான். ஐயோ, எனக்கு ஆவாது. இதெல்லாம் என் வீட்டுக்குள்ள நொழையவே கூடாது.

அந்தக் கிரேக்கக் கதையக் குடுங்க... படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னா பாய், ஒருத்தனுக்கும் மேல்சட்டையே இல்ல! சரி, சட்டைய விடுங்க. இங்க பாருங்க, சூரியன் தன் மகன்கிட்ட 'நீ எதக் கேட்டாலும் தர்றேன்'னு சத்தியம் பண்றாரு. அவன் தேரையே கேட்டுட்டான். குடுத்தாச்சு. பையன் கருகிப் போனான். எந்த ஊருலயும் பெத்தவங்க இப்பிடித்தான் போல, வாய விட்டு மாட்டிக்கிறது. வைங்க, வைங்க.

எனக்கு வேண்டியது வேற பாய். வரம் குடுத்தவங்க, 'ஏய், அது சும்மா சொன்னதுலா'ன்னு திருப்பி வாங்கிக்கிட்ட கதை. அப்பிடி வாங்கினதுக்கு அப்புறமும் ஊரு அவங்கள மதிக்கணும். சிரிக்காதீங்க பாய். இத்தினி பழைய புக்கு அடுக்கி வச்சிருக்கீங்க, ஒண்ணு கூடவா இல்ல? கெலுகோர்லேர்ந்து பஸ்ஸேறி, இந்த மார்க்கெட் மாடிப்படிய மூச்சு வாங்க ஏறி வந்திருக்கேன்.

யாருக்கா? என் மவளுக்குத்தான். தனுஜா, பத்து வயசு. அதோ, கடைசி அலமாரிகிட்ட சாதுவாட்டம் நிக்கிறாளே... நம்பாதீங்க. மூணு வருஷமா வீட்லயே வச்சி நான்தான் பாடம் சொல்லித் தர்றேன். அதுக்காகவே பேங்க் வேலைய விட்டேன். கணக்கு, சயின்ஸ் எல்லாம் நல்லா ஓடிச்சி. புராணத்த எடுத்தா மட்டும் தூங்கிருவா. ஏண்டி பிரமிளா, வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்தியா நீன்னு என்னையே நான் கேக்கணும். 'இந்தத் தடி புக்க முடிச்சா அம்மா ரெண்டு வரம் தர்றேன்'னு தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டு, ஐஸ்பெட்டிக் கதவுல ஒட்டினேன். ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங், ஒரு பூனக்குட்டி, அதோட முடிஞ்சிரும்னு நெனச்சேன்.

பதினோரு நாள்ல முடிச்சிட்டா பாய்! அதுலதான் அந்த ராஜா வர்றாரே, பொண்டாட்டிக்கு ரெண்டு வரம் குடுத்துட்டு, மகன காட்டுக்கு அனுப்பிட்டு அழுவாரே... நானே உக்காந்து, 'பாத்தியாடி, உசுரே போனாலும் சொன்ன சொல்ல மாத்தல'ன்னு பாடம் நடத்தினேன். பரீட்சையில கேள்வியா வேற வச்சேன். நூத்துக்கு நூறு வாங்கிட்டு வந்து நிக்கிறா. 'அம்மா, மொதல் வரம். நான் ஸ்கூலுக்குப் போவணும், கூட்டாளிங்களோட படிக்கணும்.'

அவ போயிட்டா அந்த வீட்ல நான் யாருக்குப் பாய் பாடம் சொல்லுவேன்? என் வீட்டுக்காரரு குணாளன் இருக்காரே, அவரு உக்காந்து சிரிக்கிறாரு. ரெண்டாவது வரம் என்னான்னு கேக்க மாட்டீங்களா? எனக்கு வனவாசமாம்! பதினாலு வருஷம். பழையபடி பேங்குக்கு. 'வேலைக்குப் போனப்போ நீங்க நெறைய சிரிப்பீங்கம்மா'ங்கிறா, பாய்...

பாய்? எங்க போறீங்க? ஓ, அவ கூப்பிடுறாளா... ஏய் தனுஜா, கையில என்னாடி?

நாலாம் ஆண்டு பாடப் புத்தகம். மொத்த செட்டையும் அவளே தேடி எடுத்து வச்சிருக்கா பாருங்க.

கொண்டா இப்பிடி... ம்... பாய், இந்தக் கணக்கு புக்குல யாரோ பென்சில்ல விடை எழுதி வச்சிருக்காங்க. வேற ஒண்ணு பாத்துக் குடுங்க. என் மவளுக்கு விடை எழுதின புக்கெல்லாம் தேவப்படாது.