செல்விக்குப் பிடித்த சைலன்சர்

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் போகும் மின்ரயிலில் ஒரு கணவனும் மனைவியும் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். தன் பழைய அம்பாசிடருக்குப் புது சைலன்சர் வாங்கக் கிளம்பியிருந்த கணவர், இரண்டு சைலன்சர்களின் சத்தத்தை செல்போனில் மாறிமாறிப் போட்டுக் காட்டினார். ஒன்று மெல்ல உறுமியது. மற்றது பெட்டியையே அதிர வைத்தது.

“மெதுவா கேக்குது பாரு, செல்விக்கும் அதான் புடிச்சிருக்கு,” என்றார்.

மனைவியின் முகம் மாறிவிட்டது.

“யாரு, உன் அத்த பொண்ணா? அவளாண்ட இன்னாத்துக்குப் போட்டுக் காட்டுன?”

“பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினு இருந்தா. ஊடு வரிக்கும் வண்டில ஏத்திக்கினு போனேன். அப்ப சும்மா கேட்டேன்.”

“நான் மார்க்கெட்டுக்குக் கூப்ட்டா மட்டும் வண்டி ரிப்பேருன்னுவ. அவளுக்கு ஓடுதா?”

பொன்னேரி தாண்டியது. பிறகு அந்தம்மாவே போனை வாங்கி, அதிர்கிற சத்தத்தை மறுபடியும் போட்டுக் கேட்டார்.

“இதையே மாட்டு. நீ எந்தத் தெருவுல திரும்புனாலும் எனக்கு ஊட்டுல கேக்கணும்.”

“இவ்ளோ சத்தம் வச்சா போலீசு புடிப்பான்டி.”

“புடிக்கட்டும். எந்தத் தெருவுல புடிச்சான்னு அவனாண்டயே கேட்டுக்கறேன்.”