பூபாலன் சாரிடம் சொல்லாமல் விட்டது

மேடையில் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் நம் தமிழ்ச் சங்கத் தலைவர் பெரியவர் சம்பந்தம் அவர்களே, எனக்கு முன் பேசிய எங்கள் கல்லூரி முதல்வர் விஸ்வநாத் அவர்களே, தந்தை பூபாலன் சாரை இழந்த ஐந்தாம் நாளில் எங்களோடு வந்து உட்கார்ந்திருக்கும் ராஜி அவர்களே, ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்தும் போலாரத்திலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் நண்பர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் கூடைப்பந்து அணிப் பெண்களே, உங்கள் எல்லோருக்கும் கல்பகத்தின் வணக்கம்.

நான் வேதியியல் ஆசிரியை. நான்கு வருடங்களுக்கு முன் ஒரு சுற்றறிக்கை வந்தது. பெண்கள் அணிக்கு ஒரு பெண் மேலாளர் வேண்டும் என்றும், அது நான்தான் என்றும் அதில் எழுதியிருந்தது. அன்றுவரை நான் கூடைப்பந்தைக் கையால் தொட்டதில்லை. நான் உயரமாக இருப்பதால் போட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். "உயரமெல்லாம் இல்லை மேடம், உங்க லேப்ல ஐஸ் மெஷின் இருக்கு, அதுக்குத்தான் உங்களைக் கேட்டேன்" என்று பூபாலன் சார் பிறகு சொன்னார். ஒளிவுமறைவு தெரியாத மனிதர் என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவரைச் சுற்றியிருந்த நாங்கள் எல்லோரும் அவரிடம் ஒன்றை ஒளித்தோம். அதைச் சொல்லாமல் இந்த மேடையிலிருந்து இறங்க என்னால் முடியாது. அதற்கு வருகிறேன்.

அணியில் தமிழ் தெரிந்த மஹதி, உன் தெலுங்குத் தோழிகளுக்கு என் பேச்சு பாதிதான் புரியும். நான் சொல்வதை அவர்கள் காதில் அப்படியே சொல். எதையும் விட்டுவிடாதே.

இரங்கல் கூட்டத்தில் இறந்தவரைப் புகழ வேண்டும். புகழ்வதற்கு நான் தயார். எந்தப் பூபாலனைப் புகழ்வது என்பதுதான் என் குழப்பம்.

லாலாகுடா ரயில்வே காலனியில், பணிமனைத் தொழிலாளி வீட்டில் பிறந்து, ரயில்வே அணிக்கு ஆடி, எங்கள் கல்லூரிக்கு உடற்கல்வி இயக்குநராக வந்த பூபாலனையா? மழை பெய்த மறுநாள் காலை ஆறு மணிக்கு, சிமெண்ட் தளத்தில் தேங்கிய நீரைக் கோணிப்பையால் தானே ஒற்றி எடுத்த பூபாலனையா? "பொண்ணு அரை டிராயர் போட்டுக்கிட்டு ஆடறதா" என்று கேட்ட அப்பாக்களின் வீட்டுக்குப் போய், ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல், மூன்று நாள் ரயில்வே கதை பேசியே சம்மதம் வாங்கி வந்த பூபாலனையா? நம் அணியில் ஆடும் ரஞ்சனாவின் அப்பா அங்கே சிரிக்கிறார். ஆமாம், உங்கள் கதையைத்தான் சொல்கிறேன்.

முதல்வர் அவரைச் சிங்கம் என்றார். இருபத்தாறு வருடங்களில் எங்கள் கல்லூரி ஒரு ஆட்டத்தைக்கூட ஆடாமல் விட்டுக்கொடுத்ததில்லை என்றார். அது முழு உண்மை. வாரங்கல் சாலையில் பேருந்து நின்றுபோன அன்று, தக்காளி ஏற்றி வந்த டெம்போவை நிறுத்தி, பன்னிரண்டு பெண்களையும் அதில் ஏற்றி, ஆட்டம் தொடங்க இரண்டு நிமிடம் இருக்கையில் கொண்டுபோய் இறக்கியவர் அவர். அந்த ஆட்டத்தில் முப்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். தோற்றுவிட்டு வந்து எல்லோருக்கும் மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். அவரைப் பொறுத்தவரை தோல்வி ஒரு குற்றமே இல்லை. தளத்தில் போய் நிற்காமல் இருப்பதுதான் குற்றம்.

அப்படிப்பட்டவருக்கு இந்த வருடம் எப்படி வாய்த்தது பாருங்கள். ஆகஸ்டில் பன்னிரண்டு பேரோடு தொடங்கினோம். முதல் வாரமே ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியது. அடுத்தவளுக்கு விரல் முறிந்தது. ஒருத்தி ஸ்கூட்டரிலிருந்து விழுந்தாள். இன்னொருத்தி தளத்தில் ஒரு கீறல்கூடப் படாமல் ஆடிவிட்டு, அக்கா கல்யாணத்தில் ஆடப்போய் மூட்டு நழுவி வந்தாள். முதுகு, தோள்பட்டை, மறுபடியும் கணுக்கால். தீபாவளி முடிந்தபோது ஐந்து பேர் மிச்சம். ஐந்து பேர் இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்கவே விடமாட்டார்கள். சரியாக ஐந்து பேர் இருந்தால், நாற்பது நிமிடமும் ஒருத்தியையும் உட்கார வைக்க முடியாது. இது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. எப்படியோ ஜெயித்துக்கொண்டே வந்தார்கள். அதுவும் புரியவில்லை.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் பூபாலன் சார் தரையில் உட்கார்ந்து ஒவ்வொருத்தியின் கணுக்காலுக்கும் தானே டேப் சுற்றுவார். சுற்றும்போது ஒரே கேள்விதான்: "நொப்பி உந்தா?" தமிழ் வீட்டுப் பெண்ணாக இருந்தால், "வலிக்குதா?" எல்லோரும் இல்லை என்ற ஒரே பதிலைச் சொல்வார்கள்: "லேது சார்." தமிழ் வீட்டுப் பெண்களும் தெலுங்கில்தான் சொல்வார்கள். அவர் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். "பார்த்தீங்களா மேடம், என் பிள்ளைங்க வலிக்குதுன்னு சொல்லவே மாட்டாங்க" என்பார். அவ்வளவு பெருமை அந்த முகத்தில். நான் டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டால், "டாக்டர் நக்கோ மேடம், வேண்டாம், ஐஸ் போதும்" என்பார்.

போன சனிக்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை. பேகம்பேட்டில் ஆட்டம். இடைவேளையில் ஐஸ் பெட்டியோடு உடை மாற்றும் அறைக்குள் போனேன். எங்கள் அணித்தலைவி ஷர்மிளா சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். வலது முழங்கால் இடது முழங்காலைப் போல இல்லை. அதற்குமேல் அதை வர்ணிக்க எனக்கு விருப்பமில்லை. வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மூன்று வாரமாக அப்படித்தான் என்றாள். நான் கதவுப் பக்கம் திரும்பியதும் என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். "சார்க்கு செப்பொத்து மேடம். ப்ளீஸ். நேனு லேகபோத்தே நாலுகுரே கதா" என்றாள். சாரிடம் சொல்லாதீர்கள், நான் இல்லாவிட்டால் நான்கு பேர்தானே என்று அர்த்தம்.

நான் சொல்லவில்லை.

ஐம்பத்திரண்டு வயதுப் பெண்பிள்ளை, இருபத்தைந்து வருட ஆசிரியை, ஒரு குழந்தை கெஞ்சியதற்காக வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். அவள் ஓடி வந்து பதினான்கு புள்ளி எடுத்தாள். இரண்டு புள்ளியில் ஜெயித்தோம். பூபாலன் சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் குலுக்கினேன். அந்தக் கையைப் பற்றி எனக்கு இன்னமும் வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை மத்தியானம் அவர் என் ஆய்வகத்துக்கு வந்தார். ஐஸுக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். முக்காலியில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்:

"லைப்ரரி படியில ஷர்மிளா இறங்கிட்டிருந்தா மேடம். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு படியா, ரெண்டு காலையும் வச்சு வச்சு. கீழ நான் நிக்கறதைப் பார்த்தா. பார்த்ததும் கம்பியை விட்டுட்டா. நேரா நடந்து வந்து குட் ஆஃப்டர்நூன் சார்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நானும் குட் ஆஃப்டர்நூன்னேன்."

பிறகு, "இருபத்தாறு வருஷத்துல எத்தனை பேர் என்னைப் பார்த்துக் கம்பியை விட்டாங்களோ தெரியலை" என்றார்.

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியும் சார், முழங்காலை நானே பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அணியைப் போட்டியிலிருந்து விலக்கிக்கொள்ளும் கடிதம். அவர் கையெழுத்து இருந்தது. விதிப்படி மேலாளர் கையெழுத்தும் வேண்டும். "நீங்களும் போட்டுடுங்க" என்றார்.

நான் போடவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். சார் கோபத்தில் கடிதம் எழுதுகிறவர். இந்த நான்கு வருடத்திலேயே மூன்று முறை ராஜினாமா கொடுத்து, மூன்று முறையும் சாயங்காலத்துக்குள் தானே வந்து திரும்ப வாங்கிக் கிழித்திருக்கிறார். முதல்வருக்குத் தெரியும், தலையை ஆட்டுகிறார். இதுவும் நாலாவது என்று நினைத்தேன். "வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசிக்கறேன் சார்" என்றேன். "ஹவ் மேடம், சரி, யோசிங்க" என்றார். வியாழக்கிழமை விடியற்காலையில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

ராஜி, நீயாவது சொல்லம்மா. வீட்டில் ஏதாவது சொன்னாரா? இல்லை என்கிறாய். நேற்று உன் அம்மாவிடம் கேட்டபோதும், "வீட்ல அவரு பந்துப் பேச்சே பேச மாட்டாரு" என்றுதான் சொன்னார்.

இப்போது புரிகிறதா என் குழப்பம்? வெள்ளிக்கிழமை அவர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? என் முன்னால் நின்று, கடிதத்தைக் கொடுங்க மேடம் என்று வாங்கிக் கிழித்திருப்பாரா? இல்லை, இன்னுமா போடலை என்று என்மேல் கோபப்பட்டிருப்பாரா? ஐந்து நாளாகக் கேட்டுப் பார்க்கிறேன். பாதி நாள் ஒரு பதில் வருகிறது, பாதி நாள் மற்றது வருகிறது. எனக்குத் தெரியவில்லை. இங்கே யாருக்குமே தெரியாது.

முதல்வர் சற்று முன் இந்த மேடையில் ஓர் அறிவிப்புச் செய்தார். நாளை அரையிறுதி ஆட்டத்தை நம் பெண்கள் பூபாலன் சாரின் நினைவாக, கையில் கறுப்புப் பட்டை கட்டி ஆடுவார்கள் என்றார். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். நல்ல மனதோடுதான் தட்டினீர்கள். இரங்கல் கூட்டத்தில் அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்வதுதான் முறை. நானும் அதைச் சொல்லத்தான் எழுதிக்கொண்டு வந்தேன். அந்தத் தாள் இதோ இருக்கிறது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.

ஆனால் நீங்கள் கைதட்டியபோது முன்வரிசையில் முதலில் எழுந்து நின்று தட்டியது யார் என்று நான் இங்கிருந்து பார்த்தேன். ஷர்மிளா. இடது காலில் நின்றாள். உடம்பு முழுக்க இடது காலில். வலது காலின் நுனி மட்டும் தரையில் பட்டது. சிரித்த முகத்தோடு தட்டினாள். உயிரோடு இருந்தவரிடம் லேது சார் என்று சொன்ன பிள்ளை, இப்போது அவர் படத்தைப் பார்த்தும் அதையே சொல்கிறாள். நான் பயந்துபோனேன். இனி அவள் யாரிடம் உண்மையைச் சொல்வாள்? கேள்வி கேட்டவர் போய்விட்டார். அவருக்காக என்று ஆரம்பித்துவிட்டால், அவள் எப்போதுதான் நிறுத்துவாள்?

அவர் பணி எது? இருபத்தாறு வருடம் விடாமல் தளத்தில் போய் நின்றதா, அந்தத் திங்கட்கிழமை ஒரு முக்காலியில் உட்கார்ந்து எழுந்ததா? இரண்டில் எதைத் தொடர்வது? நான் இதைத் தீர்க்கப் போவதில்லை. என்னால் முடியவில்லை. இதுதான் அவருடைய கடைசி விருப்பம் என்று சொல்லவும் மாட்டேன். அப்படிச் சொன்னால் எனக்கு வசதி, பழி அவர்மேல் போய்விடும். இது என் முடிவு. பத்து நாளுக்கு முன் அந்த அறையிலிருந்து வெளியே வந்ததும் நான் எடுத்திருக்க வேண்டிய முடிவு.

மஹதி, நிறுத்திவிட்டாய். சொல்லிக்கொண்டே வா. எதையும் விடாதே என்றேன் அல்லவா?

முதல்வர் அவர்களே, கடிதத்தில் உங்கள் எதிரிலேயே கையெழுத்துப் போடுகிறேன். போட்டுவிட்டேன். இதோ, வாங்கிக்கொள்ளுங்கள். இருபத்தாறு வருடப் பெருமை என் கையால் முடிகிறது என்று எனக்குத் தெரியும். பாதியில் விலகிய நம்மை அடுத்த வருடம் போட்டியில் சேர்த்துக்கொள்வார்களா என்று தெரியாது. கேட்டு, கெஞ்சி, அலைந்து பார்க்கிறேன். அதற்குத்தானே மேலாளர். மேலாளர் பதவியிலிருந்து என்னை எடுப்பதாக இருந்தாலும் எடுங்கள், அதற்கும் ஒரு சுற்றறிக்கை போதும். ஆனால் நாளை வேண்டாம். நாளை எனக்கு வேலை இருக்கிறது.

பூபாலன் சார், நீங்கள் என் முன்னால் வந்து உட்கார்ந்தபோது நான் உங்களுக்கு உண்மையைச் சொல்லவில்லை. மன்னித்துவிடுங்கள். கடிதத்தைத் திரும்ப வாங்க நீங்கள் வந்திருப்பீர்களானால், அதற்கும் மன்னித்துவிடுங்கள்.

ஷர்மிளா, என்னை அப்படிப் பார்க்கிறாய். பார். எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் படு, சபையில் படு, வீட்டுக்கு வந்தும் படு. நாளைக்கு ஆட்டம் இல்லை. பத்து மணிக்கு எலும்பு டாக்டரிடம் உன் பெயருக்கு நேரம் வாங்கப் போகிறேன். அம்மாவை அழைத்துக்கொண்டு வா. டாக்டர் உன் காலை அழுத்திப் பார்த்துக் கேட்பார். வலிக்கிறது என்று சொல்.