நூத்திப்பத்து மில்லி

...இல்ல தம்பி, சாவியைத் தரமாட்டேன்னு நான் சொல்லவே இல்லியே! பத்து நிமிஷம் கழிச்சுத் தர்றேன்னுதானே சொல்றேன். வண்டியை எடுத்துட்டுப் போகத்தான வந்திருக்கீங்க, அது எங்க ஓடிடப் போவுது? ஓடுற நிலைமையில இருந்தா உங்களை ஏன் கூப்பிடப் போறா! சும்மா, தமாஷுக்குச் சொன்னேன். ஓடும், நல்லாவே ஓடும். ஒழுகிக்கிட்டே ஓடும், அவ்வளவுதான்.

அந்த வாளியைக் கவுத்துப் போட்டு உக்காருங்க. அது ஓட்டை, பக்கத்துல இருக்கே நீல வாளி, அது. ஆங். இந்த வெள்ளைக் கிண்ணத்தை மட்டும் தட்டி விட்டுடாதீங்க. அதை வெச்சுத்தான் எங்க வீட்டுல தீர்ப்பே.

உங்களுக்குப் போன் பண்ணது நான் இல்ல, என் வீட்டுக்காரி. நேத்து என்ன சொன்னா தெரியுமா? "இதோ பாருங்க, நாளைக்குக் காலையில ஒரு சுத்து சுத்திட்டு வந்து நிறுத்துங்க. கிண்ணம் காஞ்சு கெடந்தா வண்டி உங்களுது. ஈரம் இருந்தா வண்டி அவருது." அவருன்னா பழைய வண்டி வாங்குற நீங்க. காலையில சுத்திட்டு வந்து நிறுத்தினேன். அதான் பாக்குறீங்களே... பச்சையா, கண்ணாடி மாதிரி. நூத்திப்பத்து மில்லி இருக்கும். அளக்கவே வேணாம், தினமும் நூத்திப்பத்துதான். இன்னும் அவ பாக்கல, மேல துணி காயப்போட்டுட்டு இருக்கா. அவ கீழ இறங்குறதுக்குள்ள ஹோஸை இறுக்கிப் புடிக்கிற இந்தக் கடைசி கிளிப்பை மாத்தி, கிண்ணத்தைத் துடைச்சு வெச்சு, இன்னொரு சுத்து சுத்திட்டேன்னா... ஏமாத்து வேலை இல்ல தம்பி! மறுபரிசீலனை.

கொஞ்சம் அந்த டார்ச்சைப் பிடிங்க. இன்னும் கீழ. ஆங், அங்கதான்.

முப்பத்தொரு வருஷம் மருந்துக்கடையில கலவை மருந்து போட்டவன் நான். ஒரு மில்லி கூடக்கொறைய அளந்ததா ஒருத்தன் சொல்ல முடியாது. எங்க முதலாளி ஒருதடவை எனக்குத் தெரியாம அளந்து பாத்தாரு. பன்னெண்டு பாட்டில், பன்னெண்டும் கழுத்து வரைக்கும் கச்சிதம். பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம வீட்டுக்குப் போயிட்டாரு. அந்த மனுஷன் ஒண்ணும் சொல்லலேன்னாலே பாராட்டுன்னு அர்த்தம். நீங்களும் அந்த ஜாதிதான் போல, வந்ததுலேருந்து வாயே தெறக்கல! நல்லதுதான். எங்க மாப்பிள்ளை ஒருத்தர் இருக்காரு, நான் பானட்டைத் தெறக்கும்போதே அவரு போனைத் தெறந்துடுவாரு. "மாமா, இந்த வீடியோ பாருங்க, மாமா, அந்த வீடியோ பாருங்க." வீடியோல இருக்குறது சிவப்பு வண்டி, புது வண்டி. ஸ்க்ரூ எல்லாம் கை வெச்சதும் கழண்டு வருது. என் வண்டிக்கு வயசு இருபத்திரெண்டு. இதுல ஒரு ஸ்க்ரூ கழட்டணும்னா கெஞ்சணும், கொஞ்சணும், அப்புறம் திட்டணும்.

எப்பிடி ஆரம்பிச்சுதுன்னு கேக்குறீங்களா? கேக்கல... சரி, சொல்றேன். அஞ்சு வாரம் முன்னாடி, மேல போற ரப்பர் ஹோஸ் ஒண்ணு வெடிச்சுடுச்சு. நடுரோட்டுல குபுகுபுன்னு ஆவி. இவ பக்கத்து சீட்டுல. "என்னங்க, அடுப்புல ஏதாவது வெச்சிருக்கீங்களா?"ங்கிறா. அன்னைக்கே புது ஹோஸ் வாங்கி நானே மாட்டினேன். இன்ஜின் சூட்டைத் தணிக்கிற கூலன்ட் தண்ணியையும் மாத்தி, எல்லாம் கழுவி, அதை ஊத்துற அந்த வெள்ளை டப்பாவுல கழுத்து வரைக்கும் புதுசா நிரப்பி மூடினேன். பாக்கவே திருப்தியா இருந்துச்சு.

மறுநாள் இவளைத் தையல் வகுப்புல இறக்கிவிட்டுட்டு வந்து நிறுத்துறேன்... சொட்டு! நிமிஷத்துக்கு நாப்பத்தோரு சொட்டு. கிண்ணத்தை வெச்சுப் புடிச்சு அளந்தேன், நூத்திப்பத்து. துணியில வடிகட்டி, போனது எவ்வளவோ அவ்வளவையும் டப்பாவுல திருப்பி ஊத்திட்டேன். அதான முறை? கொறைஞ்சதை ஈடு பண்ணணும். அதுக்கு அடுத்த நாளும் நூத்திப்பத்து. அதுக்கும் அடுத்த நாள்... தம்பி, ஞாயித்துக்கிழமையைத் தள்ளினா முப்பது நாள். ஒருநாள் கூட நூத்தி ஒம்பது இல்ல, நூத்திப் பதினொண்ணு இல்ல! இந்த மாதிரி ஒழுங்கா ஒழுகுற வண்டியை நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?

கீழ ஹோஸை மாத்தினேன். தண்ணி பம்பைக் கழட்டி வாஷர் போட்டேன், ஒரு முழு ஞாயித்துக்கிழமை வேலை, முழங்கையில இந்தத் தழும்பு அப்ப வந்ததுதான். ரேடியேட்டர் மூடியை மாத்தினேன். ரேடியேட்டரைத் தூக்கிக் கடையில குடுத்து சோதிக்கச் சொன்னா, அந்தாளு "இதுல ஓட்டையே இல்ல சார்"னு என்னை ஏற இறங்கப் பாக்குறான். கிளிப் மட்டும் ஏழு. இது எட்டாவது. அட்டைப்பெட்டியை விரிச்சுப் போட்டு வண்டிக்கு அடியில நான் படுத்துக் கெடக்குற கோலத்தைப் பாத்து இவ, "கால் தெரியுறதாலதான் வீட்டுல ஆம்பளை இருக்காருன்னு நம்புறேன்"ங்கிறா. நக்கல்! அவளுக்கு வாய்க்கொழுப்பு தம்பி. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது, நான் அளந்துதான் பேசுவேன்.

ஏன் சிரிக்கிறீங்க?

தையல் வகுப்புக்கு அவ பஸ்ல போகலாமேம்பீங்க. மாப்பிள்ளையும் அதைத்தான் சொல்றாரு. போகலாம், அவ ஜோரா போயிடுவா. ஆனா... சொன்னா சிரிக்கக் கூடாது. வீட்டுல நான் வாயைத் தெறந்தேன்னா அவ எழுந்து அடுத்த ரூமுக்குப் போயிடுவா. அங்க போனா இங்க வந்துடுவா. கோபமெல்லாம் இல்ல, நாப்பது வருஷம் கேட்டுட்டா பாவம். வண்டியில அப்பிடிப் போக முடியாதே! காலையில இருபது நிமிஷம், சாயந்திரம் கூட்டிட்டு வர்றப்ப இருபது நிமிஷம். சில நாள் அவளும் ஏதாவது சொல்லுவா. போன வாரம் சிக்னல்ல நிக்கிறப்ப, சின்ன வயசுல நீச்சல் கத்துக்கணும்னு ஆசையா இருந்துச்சுன்னு சொன்னா. நாப்பது வருஷத்துல எனக்குத் தெரியாது தம்பி இது. நீங்க வண்டியை எடுத்துட்டுப் போனீங்கன்னா அந்த நாப்பது நிமிஷமும் உங்க கூடவே போயிடும். அதை வெச்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க, சொல்லுங்க?

கிளிப் ஏறிடுச்சு. பாருங்க, இனிமே ஒரு சொட்டு... என்ன பண்றீங்க? அந்த டப்பாவை விடுங்க, கை எல்லாம் அழுக்காயிடும். அது எப்பவும் முழுசாத்தான் இருக்கும், நான் தினமும் நிரப்பிடுறேன்ல. அட, சொல்லச் சொல்லத் துடைக்கிறாரு பாரு...

என்ன கோடு அது?

இருங்க, கண்ணாடியைப் போட்டுக்குறேன். மேல ஒரு கோடு, கீழ ஒரு கோடு. இருபத்திரெண்டு வருஷ அழுக்குல இதை யார் கண்டா! சரி, இருந்துட்டுப் போகட்டும், அதுக்கென்ன? ...மேல் கோட்டைத் தாண்டி ஊத்தக் கூடாதா? ஏன்? காலியா விட்டா நல்லாவா இருக்கும், நான் கழுத்து வரைக்கும்... சூடானா தண்ணி பெருகும். ஆமா, பெருகும். பெருகினா இடம் வேணும். இடம் இல்லேன்னா... இந்தச் சின்னக் குழாய் வழியா வெளிய தள்ளிடுமா? இந்தக் குழாய் எங்க போவுது?

கிண்ணத்துக்கு நேரா போவுது.

தம்பி... அந்த நீல வாளியைக் கொஞ்சம் இங்க தள்ளுங்க, நான் உக்காந்துக்குறேன்.

அப்ப ஒழுக்கே இல்லியா? முதல் நாளே சரியாயிடுச்சா? வேண்டாம்னு வண்டி வெளிய துப்புனதை அளந்து, வடிகட்டி, மறுபடி அது வாயில நானே... ஒரே தண்ணி! அதே நூத்திப்பத்து மில்லி முப்பது தடவை வெளிய வந்திருக்கு, இருபத்தொம்பது தடவை நான் புடிச்சு உள்ள ஊத்தியிருக்கேன்! பம்பு, மூடி, எட்டு கிளிப்பு, என் முழங்கை... ஐயையோ. இன்னைக்குக் கிண்ணத்துல இருக்குறதைத் திருப்பி ஊத்தாம விட்டா நாளைக்குக் காஞ்சு கெடக்கும். இல்லியா?

தலையாட்டுறீங்க. இதைச் சொல்லாம இருந்திருந்தா வண்டி உங்களுதாயிருக்குமே தம்பி! உங்களுக்கு என்ன லாபம் இதுல?

எங்க கிளம்பிட்டீங்க? இருங்க, அவ இறங்குற சத்தம் கேக்குது. நீங்களே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன். எங்கயோ நூல் மாதிரி ஒரு கீறல் இருந்துச்சு, கண்ணுக்கே தெரியாது, ஐயா கண்டுபுடிச்சு அடைச்சுட்டாருன்னு... தம்பி! கேட்டைச் சாத்திட்டுப் போறாரே... தம்பி!

...வா வா. ஒண்ணும் இல்ல, அவரு வேணாம்னுட்டுப் போயிட்டாரு. ஏன்னா... ஈரம் இருக்கு, ஆமா. நல்லாப் பாத்துக்கோ, நான் மறைக்கல. காரணம் இருக்கு. சொல்றேன். இங்க நின்னுக்கிட்டு சொல்ற விஷயம் இல்ல அது.

அந்தப் பக்கம் கதவைத் தெறந்து ஏறு. ஏறேன், எங்கயும் போகல. ம்... கதவைச் சாத்திக்கோ. பெல்ட்டையும் போட்டுக்கோ.