ஒன்பதாவது சுற்று

மேடையில் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கும்போது என்ன நினைப்பீர்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்களும் கேட்டீர்கள், ஆபீசர். பெரும்பாலும் சாப்பாட்டைத்தான். ஒரு பத்திரிகைக்காரர் என் முகத்தில் முன்னோர்களின் துயரத்தைக் கண்டதாக எழுதினார். அடுப்பில் வைத்துவிட்டு வந்த வெண்டைக்காய்க் கம்போ குழம்பு அடிப்பிடித்திருக்குமோ என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

நியூ ஆர்லியன்ஸில் அந்த ஹோட்டலில், பத்தொன்பது வருடமாக ஞாயிறு மதியம் பாஸ் வாசிக்கிறேன். என்னைவிட உயரமான தந்தி வாத்தியம். ஆனாலும் என் தனி வாசிப்பு வந்தால்தான் ஜனங்களுக்கு முட்டை ஆர்டர் செய்ய ஞாபகம் வரும். அதுவும் என் முறை வந்தால்தானே? அல்சிட் அண்ணன் சாக்ஸபோனை வாயில் வைத்தால் எடுக்க மாட்டார். மெட்டு ஒருமுறை முழுதாக வந்தால் ஒரு சுற்று; கண்ணை மூடிக்கொண்டு சுற்றுக்குமேல் சுற்றாக ஊதுவார். பின்னால் இருந்து யாராவது "இன்னொண்ணு" என்று சொல்லிவிட்டால் போச்சு.

போன மாதம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. அவர் மனைவி ஓடில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ரெண்டு சுத்துக்கு மேல ஊதக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் சொன்னா இந்த மனுஷன் கேக்க மாட்டாரு. ரெண்டு முடிஞ்சதும் உன் பாஸ் மரத்துல ஒரு தட்டு தட்டு. நீ தட்டினா நிறுத்திடுறேன்னு சத்தியம் பண்ணியிருக்காரு."

"அதுக்கென்னக்கா, நான் பாத்துக்கறேன்" என்றேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த ஞாயிறு இரண்டாவது சுற்று முடிந்தது. நான் தட்டவில்லை. "இன்னொண்ணு, அண்ணே" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். ஐந்தாவதில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. டிரம்ஸ் குளோவிஸ் முணுமுணுத்தான்.

"லெம், போதும்டா. தட்டித் தொலை."

"இப்பத்தான் சூடு புடிச்சிருக்காரு. விடு" என்றேன். பிறகு மறுபடியும், "இன்னொண்ணு, அண்ணே."

ஒன்பதாவதில் மண்டியிட்டு, அப்படியே சாய்ந்தார். அதுவும் வித்தையில் சேர்த்தி என்று நினைத்து ஜனங்கள் எழுந்து கைதட்டினார்கள். தட்டாமல் விட்டால் இப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தெரியும். பத்தொன்பது வருடம் காத்திருந்தவனுக்கு ஒன்பது சுற்று பெரிதில்லை.

மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள். பாட்டைப் பாதியில் விடலாமா? நான் வாசித்தேன், முழுதாக மூன்று சுற்று. ஒரு கரண்டிச் சத்தம் இல்லை. முதல் வரிசையில் ஓடில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அந்த அமைதி கீழே கிடந்தவருக்காக என்கிறான் குளோவிஸ். அவன் டிரம்ஸ்காரன், ஆபீசர். நல்ல வாசிப்பைக் கேட்டு எங்கே பழக்கம்?