ஹம் இல்லாத ஆம்ப்ளிஃபயர்

இஞ்சி கொஞ்சம் கம்மி, மற்றபடி உங்கள் ஸ்டேஷன் டீயைக் குறை சொல்ல முடியாது. நீங்கள் சுனாபட்டியில் வளர்ந்த தமிழ்ப் பெண் என்பதால் தமிழிலேயே சொல்கிறேன், மேடம். மராத்தியில் வாக்குமூலம் எழுதும்போது எர்த் ஒயர் என்பதை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.

பெயர் பஞ்சாபகேசன், வயது எழுபத்தொன்று, வீடு மாட்டுங்கா. முப்பத்திரண்டு வருஷம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு டெலிபோன் லைன்களைச் சோதித்தவன். லைனில் என்ன கோளாறு என்று கேட்டே சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. மற்றவர்களுக்குக் காது என்பது மூக்குக்கண்ணாடி மாட்டும் ஆணி, அதனால் சொல்கிறேன்.

மகேஷ்குமார் எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடி. ஏதோ கம்பெனியில் வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் கிதார். அதைச் சொருகி வாசிக்கப் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு சின்ன வால்வு ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மாமா, இதோட டோனைக் கொஞ்சம் இம்ப்ரூவ் பண்ணித் தாங்கோளேன்" என்றான். டோன் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டேன். "வார்மா இருக்கணும் மாமா" என்றான், குளிக்க வெந்நீர் கேட்கிறவனைப் போல.

முதல் தடவை மேலே துடைத்து, இரண்டு நாள் வைத்திருந்து, அப்படியே திருப்பிக் கொடுத்தேன். வாசித்துப் பார்த்துவிட்டு, "ஏக்தம் மஸ்த் மாமா, என்ன டிஃபரன்ஸ்" என்று கண்ணை மூடிக்கொண்டான். அவன் மனைவி மானசாவும் கூடவே தலையாட்டினாள். அன்றைக்கே இருவரையும் எடை போட்டுவிட்டேன்.

ஆனால் வேலை என்று வந்தால் நான் ஏமாற்றுகிறவன் இல்லை. திரும்ப வாங்கி வந்து ஒழுங்காகச் செய்தேன். கெட்டுப்போன கண்டன்ஸர்களைக் கழற்றிப் புதிது வைத்தேன். வால்வை மாற்றினேன். கிழிந்த ஸ்பீக்கருக்குப் பதில் நல்லதாக ஒன்று போட்டேன். குரல் திறந்தது. அப்போதுதான் அடியில் அந்த ஹம் கேட்டது. பூட்டிய அறைக்குள் யாரோ விடாமல் முனகுகிற மாதிரி.

"ஹம்மா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே மாமா" என்றான் மகேஷ்குமார். மானசாவுக்கும் கேட்கவில்லை. என் மனைவி ஷ்யாமளா ஆம்ப்ளிஃபயரில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏன்னா, சத்தமே இல்லையே. உங்க காதுலதான் ஏதோ இருக்கு" என்றாள். காது டாக்டரிடம் மூன்று தடவை அப்பாயின்ட்மென்ட் வாங்கினாள். நான் போகவில்லை. டாக்டரிடம் காது கேட்காதவர்கள்தான் போகவேண்டும்.

ஒரு மாதம் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். மிச்சம் இருந்தது எர்த் ஒயர் ஒன்றுதான். அதன் வழியாகவும் ஹம் வருவதுண்டு. அதைக் கழற்றினேன். பாதியாகக் குறைந்தது.

பிறகு டெஸ்டரை ஆம்ப்ளிஃபயரின் இரும்புப் பெட்டியில் வைத்தேன். டெஸ்டர் விளக்கு எரிந்தது. டிரான்ஸ்ஃபார்மர் பழசு, உள்ளே கரண்ட் கசிந்துகொண்டிருந்தது. அதுவரை எர்த் ஒயர் அதைத் தரைக்கு இழுத்துக்கொண்டிருந்தது. இனி அந்தக் கரண்ட் பெட்டியில் நிற்கும், கிதார் கம்பியிலும் நிற்கும். கம்பியைப் பிடித்தபடி மைக்கைத் தொடுகிறவன் உடம்பு வழியாகப் போகும். மகேஷ்குமார் மைக்கை உதட்டில் ஒட்டிவைத்துக்கொண்டு பாடுகிறவன். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். டிரான்ஸ்ஃபார்மரை மாற்றியிருக்கலாம். மாற்றினால் அந்த டோன் போய்விடும்.

டெஸ்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மூடியை வைத்து ஸ்க்ரூக்களை முடுக்கினேன்.

ஞாயிறு காலை எங்கள் கட்டடச் சொசைட்டி ஆண்டு விழா. மழை. ஹால் தரையை அப்போதுதான் ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். உள்ளே செருப்புப் போடக் கூடாது என்பது எங்கள் சொசைட்டி வழக்கம். நான் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். முதல் மூன்று நிமிஷம் மகேஷ்குமார் பிளாஸ்டிக் நாற்காலியில் சம்மணம் போட்டுக் கிதாரை மட்டும் வாசித்தான். மேடம், நான் கேட்டதிலேயே நல்ல டோன் அதுதான். அது போய் இவன் கையில் இருக்கிறதே என்று எரிச்சலாக இருந்தது.

யாரோ மைக்கை அவன் முன்னால் நகர்த்தி வைத்தார்கள். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "மாமா, ஹம் போச்சா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டான். ஹாலே சிரித்தது. எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் போச்சு என்று தலையாட்டினேன். அவன் மைக்கில் வாயை வைத்தான்.

மானசாதான் ஓடிப்போய் மெயினை அணைத்தாள். கீழே விழுந்தவன் அப்புறம் எழுந்திருக்கவில்லை. அவள் கத்துவதையும் மீறி எனக்கு ஹம் கேட்டது. பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர் மோட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

செய்தது நான்தான், தெரிந்தேதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஹம்மைப் போக்கத்தான் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒயரைச் சுற்றி, சீல் வைத்து, அலமாரி மேல் ஆம்ப்ளிஃபயரை வைத்திருக்கிறீர்கள். நான் கேட்டதும் ஃபேனையும் டியூப்லைட்டையும் அணைத்தீர்கள், அதற்கு நன்றி. அப்படியும் இங்கே ஏதோ ஹம் அடித்துக்கொண்டே இருக்கிறது. யாரையாவது விட்டு அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

உங்களுக்குக் கேட்கவில்லையா? பரவாயில்லை மேடம். அவனுக்கும் கேட்டதில்லை.